ஏழாவது காளாஞ்சி

இளையதம்பி மாஸ்டர் எங்களுக்குப் பிரெஞ்சுச் சனங்களின் கிளர்ச்சியைப் படிப்பித்தால், அரசனின் தலை விழும்போது மேசையில் பிரம்பு விழும்.

எங்கள் கோயிலில் திருவிழா முடிவில் காளாஞ்சி என்னும் வெற்றிலைத் தட்டைக் குடிகளின் உயர்வு தாழ்வு வரிசைப்படியே கொடுப்பார்கள். மாஸ்டரின் குடி ஏழாவது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் ஆண்டு அவர் விடியமுன்னரே வந்து காத்திருந்து, தட்டு வந்ததும் எழும்பினார்.

“பிறப்புப் பார்த்தது போதும். முதல் வந்தவருக்கு முதல் குடுங்க!”

சனம் “ஓம், ஓம்” என்றது. கோயில் தலைவரான வண்ணக்கர் சிரித்தார்.

“நல்லது மாஸ்டர். உங்களுக்கும் முதல் வந்து பறையடிச்சுக் கோயிலைத் திறப்பிச்சவன் வைரவன். டேய் வைரவா, வந்து வாங்கு.”

மாஸ்டரின் முகம் கறுத்தது. “அதெப்படி? ஒரு முறை இருக்குத்தானே?”

“அப்ப பழைய முறைதான்.”

வைரவன் நீட்டிய கையை மடக்கிப் பறையை எடுத்தான். மாஸ்டர் ஏழாவதாக வாங்கினார்.

நான் பல தேசம் சுற்றி வந்தபின், அவருடைய வகுப்பில் ஒருநாள் பின்வரிசை வாங்கில் இருந்தேன். பாடத்தில் பிரெஞ்சு அரசனின் சிறை இன்னும் அதே ஆவேசத்தோடு உடைந்தது.

“கதவு உடைந்ததும் முதல் உள்ளே போனது ஆர் மாஸ்டர்?” என்று கேட்டேன்.

“பாடம் முடிஞ்சுது, பிள்ளை,” என்றார்.

மணியடிக்க இன்னும் அரைமணி நேரம் இருந்தது.