ஆயிரத்தில் மூன்று சிவப்பு

டைல்ஸ் கடைக்காரருக்கு மேஸ்திரி பன்னிரண்டாயிரம் தர வேண்டியிருந்தது. கொடுக்கும்வரை கடைப்படி ஏறாதே என்று அந்த மனுஷர் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டு, கரணையைப் பிடித்தே மாடி வீடு கட்டியவர் மேஸ்திரி. அவர் போட்ட தரையில் தண்ணீர் ஊற்றினால் அவர் சொன்ன மூலைக்குத்தான் ஓடும். அப்படிப்பட்டவருக்கு அந்தச் சொல் முள்ளாய்த் தைத்தது.

அப்போதுதான் அருங்காட்சியகத்துச் சுவர் வேலை வந்தது. கூலி பதின்மூன்றாயிரம். பெயர் வைத்த உயிரின வகைகளையெல்லாம் ஆயிரம் பங்காக்கி, பங்குக்கு ஒரு டைல், கூட்டத்துக்கு ஒரு நிறம். பூச்சி ஆராய்ச்சிக்கார அம்மா படத்தை விரித்தார்.

"கறுப்பு மட்டும் பாதிக்குப் பாதியா? எதுக்கும்மா?"

"பூச்சிங்களுக்கு."

"யானை, புலி, மாடு, நீங்க, நானு... பால் குடிச்சு வளர்ற கூட்டம் பூரா?"

"மூணு சிவப்பு."

மேஸ்திரிக்குப் பொறி தட்டியது. அந்தக் கறுப்பு டைல் கடைக்காரரிடம் இரண்டு வருஷமாகத் தூங்குகிற சரக்கு.

"விக்காததைத் தலையில கட்டறாங்க. அந்தம்மாவுக்கும் பங்கு இருக்கும்," என்றார் வீட்டில்.

"அதை ஒட்டிக் கூலி வாங்கற ஆளு கண்ணாடியில தெரிவாரு. அவரையும் கேளுங்க, அவருக்கு என்ன பங்குன்னு," என்றாள் மனைவி.

மறுநாள் படத்தை மடித்து வைத்துவிட்டு, சிவப்பில் முப்பதை ஒட்டினார். மூன்று டைல் யானைக்கே போதாது என்பது அவர் எண்ணம்.

ஆராய்ச்சிக்கார அம்மா பார்த்தார். "பிரிச்சிடுங்க மேஸ்திரி. இல்லேன்னா கூலி கிடையாது."

"கணக்கைக் காட்டுங்க, பிரிக்கறேன்."

பின்னறைக்கு அழைத்துப் போனார். கூரைவரை இழுப்பறைகள். ஒன்றைத் திறந்தால் ஊசி குத்திய வண்டுகள்.

"ஒரே வண்டை நூறு தடவை குத்தி வச்சிருக்கீங்க!"

"வகைக்கு ஒண்ணுதான் வச்சிருக்கேன். நீங்களே பாருங்க."

அவர் தொழிலிலும் இரண்டு பெட்டி வெள்ளை டைல் நேரே பார்த்தால் ஒன்றுதான். ஜன்னலோரம் சாய்த்துப் பார்த்தால்தான் சாயம் வேறுபடுவது தெரியும். மேஸ்திரி இழுப்பறையை அப்படித்தான் சாய்த்தார். ஒன்றுக்குக் கொம்பு, ஒன்றுக்கு முதுகில் கோடு, ஒன்றில் பச்சை மினுக்கம். மதியம்வரை ஐந்து இழுப்பறை. ஒரே மாதிரி ஒரு ஜோடிகூட அகப்படவில்லை.

"யானை எத்தனை வகை?" என்றார் விடாமல்.

"மூணே மூணு."

மேஸ்திரி உளியை எடுத்தார். இருபத்தேழு சிவப்பையும் தானே கொத்தி எடுத்தார். உடைந்ததற்கு ஆயிரத்தைக் கழித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னதும் அவர்தான். தப்பை ஒத்துக்கொள்ளவும் ஒரு கெத்து வேண்டும்.

சுவர் முடிந்ததும் நேரே கடைப்படி ஏறினார்.

"என்ன மேஸ்திரி, என் கறுப்பெல்லாம் சுவர் ஏறிடுச்சாமே?" என்று சிரித்தார் கடைக்காரர்.

"கையை நீட்டுங்க. அப்புறம் கொறஞ்சுதுன்னு சொல்லக் கூடாது."

பன்னிரண்டாயிரத்தையும் நோட்டு நோட்டாக எண்ணி வைத்தார். இரண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்று கடைசி நோட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, அதையும் விரித்த உள்ளங்கையில் வைத்தார்.