கல் பெண்ணின் ஸ்லைடு

"சிலை பாக்க ஸ்பெயினா? உனக்குப் போரடிக்கும்டி," என்று சொல்லிவிட்டு என் தோழி ராதா தனியாகப் போய்வந்தாள். எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். எனக்கு ரசனை கிடையாது என்பதுபோன்ற அந்தப் பேச்சு சுருக்கென்றது.

எங்கள் ஊரான பிரிட்ஜ்வாட்டரில், அவள் வீட்டுச் சுவரில் புரொஜெக்டர் வைத்து பிலிம் ஸ்லைடுகளைப் போட்டுக் காட்டினாள். தென் ஸ்பெயினில் ஒரு திறந்தவெளிச் சிற்பப் பூங்கா. ஆலிவ் மரங்களுக்கிடையே இடுப்பில் கைவைத்து நின்றாள் ஒரு கல் பெண். எனக்கு வயிறு எரிந்தது. ராதா காபி போடப் போனதும் அந்த ஸ்லைடைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் போன் செய்தாள். "அந்தக் கல்லுப் பொண்ணக் காணோம்டி! உன்ன மாதிரியே திமிரா நிப்பாளே. பிரிண்ட் போட்டு உனக்குத் தரணும்னு நெனச்சேன்."

"நான்தான் திருடிட்டேன்," என்றேன்.

"பத்திரமா இருக்குல்ல?"

அந்தக் கேள்வியில்தான் கூசிப்போனேன். பொறாமை முழுதும் போய்விட்டதென்று சொல்ல மாட்டேன். ஸ்லைடைத் திருப்பிக் கொடுத்தேன். திங்களன்று ஸ்பெயின் விசாவுக்கு விண்ணப்பமும் கொடுத்துவிட்டேன்.