வயரை இழுத்தது யார்

வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம் என்று எட்டுக் கம்பிகளையும் விரல் நுனியில் வரிசையாகப் பிடித்து, ஒரே மட்டமாக வெட்டி, பிளாஸ்டிக் முனைக்குள் செருகிக் கருவியால் ஒரு அழுத்து அழுத்தினாள் நெட்டக்கா. அந்த வீட்டில் அவள் மாற்றும் மூன்றாவது இண்டர்நெட் வயர் அது.

ஆள் நல்ல உயரம். நெட்டையாக இருப்பதால் நெட்டக்காவா, நெட் சரிசெய்வதால் நெட்டக்காவா என்று தெருவில் யாருக்கும் நிச்சயமில்லை. ஏழு வருஷம் ஒரு இண்டர்நெட் கம்பெனியில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், கருவிப் பையோடு வீடு வீடாகப் போகத் தொடங்கியவள். சொன்ன நேரத்துக்கு வருவாள். கை சுத்தம். ஒரே குறை, "எனக்குத் தெரியல" என்பது மட்டும் அவள் வாயில் வராது.

இந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு பெரியவர். காலை பத்து மணிக்கு அவரைச் சாய்த்து உட்கார வைத்தால், கட்டிலுக்கு எதிரே உள்ள கம்ப்யூட்டரில் வெளிநாட்டுத் தங்கையோடு அரைமணி நேரம் பேசுவார். ஒரே பெட்டியில் இரண்டு சிஸ்டம். மகனின் ஆபீஸ் வேலைக்கு விண்டோஸ். பெரியவருக்கு வேகமாக இருக்கட்டும் என்று நெட்டக்கா போட்டுக்கொடுத்த லினக்ஸ். போட்ட வாரத்திலிருந்தே லினக்ஸில் நெட் வருவதும் போவதுமாக இருந்தது.

இரண்டாம் முறை வந்தபோதுதான் அவள் அதைச் சொன்னாள். "இது புது வயரும்மா. யாரோ இழுத்திருக்காங்க."

பெரியவரைக் கவனிக்க ஏஜென்சி அனுப்பியிருந்த சிஸ்டர் அப்போது கட்டிலடியில் துடைத்துக்கொண்டிருந்தாள். "நான் தொடவே இல்லக்கா" என்றாள்.

"பின்ன, வயரு தானா இழுத்துக்குமா?" என்று கேட்டாள் நெட்டக்கா. மருமகள் சிரித்துவிட்டாள்.

இரண்டு நாளில் மறுபடி நெட் போனது. மருமகள் ஏஜென்சிக்குப் போன் செய்து, 'சொன்னால் கேட்பதில்லை, பொய் வேறு' என்று புகார் சொல்லி சிஸ்டரை அனுப்பிவிட்டாள். அது நடந்து பத்து நாள்.

"இப்ப யாருக்கா இழுக்கிறது?" என்றாள் மருமகள்.

"நான்தான்" என்றார் பெரியவர், கட்டிலிலிருந்து. "எழுந்து நடந்து போய் இழுத்துட்டு வந்து படுத்துக்கிட்டேன்."

நெட்டக்கா சிரிக்கவில்லை. முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அப்போதுதான் கேட்டாள். "கடைசியா கம்ப்யூட்டர்ல வேலை பார்க்கிறது யாரும்மா?"

"அவருதான். ராத்திரி விண்டோஸ்ல வேலையை முடிச்சு ஷட்டவுன் பண்ணிருவாரு. காலைல மாமாவுக்கு நான் இன்னொண்ணுல போடுவேன். அவரு நாலு நாள் வெளியூர் போனாரே, அப்ப ஒழுங்கா வந்துச்சு. அவரு கைராசி அப்படி."

நெட்டக்காவுக்கு அப்போதுதான் பிடிபட்டது. விண்டோஸ் செட்டிங்கில் ஒரு டிக் உண்டு. அது இருந்தால் ஷட்டவுன் கொடுத்தாலும் பெட்டி முழுதாக அணையாது. மறுநாள் சீக்கிரம் எழ வேண்டும் என்று அரைத்தூக்கத்தில் கிடக்கும். வயர் செருகும் நெட் கார்டையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு படுக்கும். லினக்ஸ் எழுந்து தேடினால் கார்டு கிடைக்காது. ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டும் முழுதாக அணைந்து எழும். அவள் ஒவ்வொரு முறையும் வயரை மாற்றி, விண்டோஸில் சரிபார்த்து, ரீஸ்டார்ட் கொடுத்தே லினக்ஸுக்குள் போயிருந்தாள். நெட் வந்தது, வயரால் வந்தது என்று நினைத்தாள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. இரண்டாவது சிஸ்டம் போடும் அன்றே அந்த டிக்கை எடுத்துவிட வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. அன்று அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது.

டிக்கை எடுத்தாள். மூன்று முறை ஷட்டவுன் செய்து பார்த்தாள். மூன்று முறையும் நெட் வந்தது.

"என்னக்கா பண்ணீங்க?"

"ஒரு செட்டிங். வயரையும் மாத்திட்டேன்" என்றாள். அந்த இரண்டாவது வாக்கியம் தேவையே இல்லை.

"உங்களை மாதிரி யாரு பார்ப்பாங்க. ஒரு கை பிடிங்கக்கா, மாமாவைத் திருப்பணும். புது ஆள் இன்னும் வரல."

திருப்பினார்கள். இடுப்புக்குக் கீழே, எலும்பு முட்டும் இடத்தில், கட்டைவிரல் அகலத்துக்குத் தோல் சிவந்து உரிந்திருந்தது. படுத்திருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும். இது அன்பு சம்பந்தப்பட்ட விஷயமல்ல, தோல் சம்பந்தப்பட்டது. திருப்பத் தெரிந்த ஆளை அனுப்பிவிட்டால் பத்து நாளில் இப்படித்தான் ஆகும்.

"சிஸ்டர் இருந்தப்ப இது இல்ல" என்றாள் மருமகள் மெல்ல.

"அவங்க இப்ப எங்க?"

"எந்த வீட்டுக்கும் அனுப்பலையாம். ஏஜென்சி பெஞ்சுல உக்காந்திருக்காங்களாம்."

நெட்டக்கா பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். அன்று போக வேண்டிய மற்ற இரண்டு வீட்டுக்கும் போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து, அந்தத் துடைக்கும் துணியையும், நிமிர்ந்து பார்த்த முகத்தையும், தான் கேட்ட கேள்வியையும் நினைத்தாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கூடம் கோணல் என்று சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. கூடத்தைத் துடைத்தவளை அல்லவா சொன்னாள். பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. அதுதான் அவளை உட்காரவும் விடவில்லை, படுக்கவும் விடவில்லை.

மறுநாள் காலை ஏழரைக்கு அந்த வீட்டு மணியை அடித்தாள். நின்றபடியே சொன்னாள். "வயரை யாரும் இழுக்கலம்மா. நான் எடுக்க வேண்டிய ஒரு டிக்கை எடுக்கல. தெரியாம சிஸ்டர் மேல போட்டுட்டேன்."

மருமகள் கதவை முழுதாகத் திறந்தாள். "நான் போன்ல பொய்க்காரின்னு வேற சொல்லிட்டேனே. இப்ப போய் மாத்திச் சொன்னா நம்மள என்ன நினைப்பாங்க?"

"என்னை நினைக்கட்டும். நான்தான் போறேன்."

எட்டு மணிக்கு ஏஜென்சியில் அன்றைய வேலை பிரித்துக்கொண்டிருந்தார்கள். பெஞ்சில் ஆறேழு பெண்கள். ஓரத்தில் சிஸ்டர். நெட்டக்கா எல்லார் காதிலும் விழும்படி, முதலிலிருந்து சொன்னாள்.

"அன்னைக்கு அந்த வீட்டம்மா முன்னாடிதானே கேட்டீங்க" என்றாள் சிஸ்டர். "அவங்க முன்னாடி சொன்னீங்களா?"

"சொல்லிட்டுத்தான் வரேன்."

"சரி" என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நெட்டக்காவும் கேட்கவில்லை.

மேலாளர் ஒரு தாளை நீட்டினாள். "வாயால சொன்னா ஃபைல்ல ஏறாது. எழுதிக் குடுங்க." நெட்டக்கா எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மேலாளர் புகாரைக் கோடு போட்டு அடித்துவிட்டு, சிஸ்டரிடம், "அதே வீட்டுக்குப் போறியாம்மா?" என்றாள்.

"வேண்டாங்க. வேற வீடு போடுங்க." சிஸ்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். பிறகு நெட்டக்கா பக்கம் திரும்பினாள். "பெரியவருக்குப் புண்ணு வந்திருக்குமே?"

நெட்டக்கா தலையாட்டினாள்.

"இடது பக்கம் படுக்க மாட்டாரு, தோள் வலி. வலது பக்கம் திருப்பி முதுகுக்குத் தலையணை குடுங்க. முட்டிக்கு நடுவுல ஒண்ணு. டாக்டர் புண்ணைப் பார்க்கட்டும், நீங்களா எதையும் தடவாதீங்க. எழுதிக்கங்க, மறந்துருவீங்க."

நெட்டக்கா எழுதினாள். எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும் என்பதை மட்டும் கேட்காமல் தானாகவே போட்டாள். சிஸ்டர் எட்டிப் பார்த்தாள்.

"மூணு மணி நேரம்னு யாரு சொன்னா? ரெண்டு."

நெட்டக்கா அதை அடித்து, இரண்டு என்று எழுதி, தாளை மடித்துக்கொண்டு அந்த வீட்டுக்கு நடந்தாள்.