கை சுத்தமானவனே கிருமி

புதுக்கடைக்குத் தெற்கே ஒரு கடலோரத் தொடக்கப்பள்ளியில் செசிலி டீச்சர் மூன்றாம் வகுப்பை மேய்த்துக்கொண்டிருந்தாள். மேய்த்தாள் என்பது அவளே சொல்வதுதான். நாற்பத்தெட்டு வயது, சொந்தப் பிள்ளை இல்லை. அதனால் ஊர்ப்பிள்ளைகள் எல்லாரையும் அடிக்கும் உரிமை தனக்கு உண்டு என்று நம்பினாள். அடிப்பதில்லை, உரிமையை மட்டும் வைத்திருந்தாள்.

2011 ஆனி மழையில் வகுப்பில் பாதிப் பேருக்கு வயிற்றோட்டம். பிரிஜா என்ற பொடிசுக்கு அது முற்றி, பெரிய ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றும் அளவுக்குப் போய்விட்டது. பிழைத்து வந்தாள். ஆனால் மீன் விற்கிற அவள் அம்மா லீமா பள்ளி வாசலிலேயே நின்று சொல்லிவிட்டாள்.

“எனக்க பிள்ளைய இனி விடமாட்டேன் டீச்சரே. கக்கூசுக்குப் போன கையோட சோத்துல கை வைக்கிய பயலுவளுக்க பள்ளிக்கூடம். இவ கலெக்டர் ஆவாண்டாம், உசுரோட கெடந்தாப் போரும்.”

லீமா சொன்னது உண்மைதான். பெஞ்சில் பிரிஜாவின் இடம் காலியாகவே கிடந்தது. அவளைத் திரும்ப அங்கே உட்காரவைக்காமல் விடுவதில்லை என்று டீச்சர் முடிவு கட்டினாள்.

கை கழுவு என்றால் கேட்கிற கூட்டமா அது? சுனாமிக்குப் பிறகு வந்த தொண்டு நிறுவனம் ஒன்று, கை கழுவும் முறையைச் சுவரில் படம் படமாக வரைந்துவிட்டுப் போயிருந்தது. படத்திலிருந்த பையனுக்குப் பிள்ளைகள் மீசை வரைந்ததுதான் கண்ட பலன்.

முதலில் வகுப்பு வாசலில் ஒரு தொட்டியில் சோப்புத் தண்ணீர் கரைத்து வைத்தாள். பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். விரல் நுனியால் தொட்டார்கள். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, பயபக்தியோடு உள்ளே போய்ச் சோற்றுத்தட்டின் முன் உட்கார்ந்தார்கள். கோயில் வாசலில் தீர்த்தத் தொட்டியைக் கண்டு பழகிய கைகள், வேறென்ன செய்யும். பிரபின் என்பவன் ஒருபடி மேலே போய் முழங்கால் போட்டு எழுந்தான்.

மறுநாள் டீச்சர் அடுப்புக்கரியைத் தேங்காயெண்ணெயில் குழைத்துக்கொண்டு வந்தாள். ஒருவன் கிருமி, அவன் உள்ளங்கையில் கரி. துரத்திப் பிடித்து, அகப்பட்டவன் கையில் தேய்த்துவிட வேண்டியது. கரி பட்டவன் குழாயடிக்கு ஓடிக் கழுவி, டீச்சரிடம் காட்டினால் மீண்டும் ஆட்டத்தில் சேரலாம். எண்ணெய்க்கரி வெறும் தண்ணீருக்கு மசியாது. சோப்புப் போட்டு நகக்கண் வரை தேய்த்தே ஆகவேண்டும்.

ஆட்டம் அமர்க்களமாகத்தான் நடந்தது. ஆனால் துரத்துகிற சுகம் ஓடுகிறவனுக்கு ஏது? எல்லாருக்கும் கிருமியாகத்தான் ஆசை. “நான் கிருமியாட்டே இருந்துக்கிடுதேன் டீச்சர்” என்று சொல்லிப் பிரபின் கை கழுவவே மறுத்தான். டீச்சர் யோசித்து ஒரு சட்டம் போட்டாள்: யார் கை எல்லாரையும்விடச் சுத்தமோ, அவரே அடுத்த கிருமி. சுகாதாரத் துறையில் யாராவது கேட்டிருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் அன்று முதல் சோற்றுமணிக்கு முன் குழாயடியில் தள்ளுமுள்ளு. பிரபின் தேய்த்த தேய்ப்பில் சோப்புக் கட்டிகள் கரைந்தே போயின.

ஆட்டம் சாயந்தரங்களில் கடற்கரைக்கும் இறங்கியது. வள்ளங்களுக்கு நடுவே ஓடிய கூட்டத்தில் பிரிஜாவும் சேர்ந்துகொண்டாள். கரிபடிந்த சட்டைகளைத் தூக்கிக்கொண்டு அம்மாமார் பள்ளிக்குச் சண்டைக்கு வந்தார்கள். லீமா மட்டும் வரவில்லை. டீச்சருக்கு அதுதான் வலித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசையின் நடுவே ஜஸ்டஸ் ஃபாதர் கை கழுவினார். அதாவது, பீடச் சிறுவன் சொட்டுச் சொட்டாக ஊற்ற, விரல் நுனியை நனைத்துத் துண்டில் துடைத்தார். காலங்காலமாக அப்படித்தான், யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

“அம்மா, ஃபாதர் சோப்பு போடல்ல” என்றாள் பிரிஜா.

மெதுவாகப் பேசுகிற பழக்கம் அந்த ஊரில் யாருக்கும் கிடையாது. லீமா அவள் வாயைப் பொத்தினாள். விரலிடுக்கு வழியே மீதியும் வந்தது. “நகக்கண்ணும் தேய்க்கல்ல. அவருக்க கையில இருந்து அப்பம் வாங்காத, கேட்டியா?”

ஆண்கள் பக்கம் யாரோ முதலில் சிரிக்க, கோயிலே குலுங்கியது. ஃபாதர் தன் விரல்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பூசையைத் தொடர்ந்தார். செசிலி டீச்சர் முக்காட்டை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

பூசை முடிந்ததும் லீமா மகளை இழுத்துக்கொண்டு நேராக டீச்சரிடம் வந்தாள்.

“நாளைக்கு இவள அனுப்புதேன் டீச்சரே.”

“பயம் போச்சா லீமா?”

“பயமா? சந்தையில இருந்து வந்தா இவ என்னைய சோத்துல கை வைக்க விடமாட்டங்கா. கையக் காட்டு, மணத்திப் பாக்கட்டுன்னு சொல்லி, திரும்பத் திரும்பக் குழாயடிக்கு வெரட்டுதா. மீனு மணம் எங்க போவும்? நேத்து நான் பட்டினி. இனி உங்க உசுர எடுக்கட்டு.”

டீச்சருக்குச் சிரிப்பு வருவதற்குள் அழுகை வந்துவிட்டது. கோயில் முற்றம் என்றும் பாராமல் அழுதாள். கண்ணைத் துடைக்கக் கையை உயர்த்தியபோது பிரிஜா கீழேயிருந்து அதைப் பிடித்து நிறுத்தினாள்.

“தொடாதிங்க டீச்சர். கை கழுவல்ல.”