முப்பத்தொன்றாம் எண்

எங்கள் வகுப்பில் தூங்குவதற்கும் ஒரு முறை இருந்தது. யாருக்குக் கண் சொருகுகிறதோ, அவளைக் கடைசி பெஞ்சில் சுவரோரம் தள்ளிவிடுவோம். முன்னால் இரண்டு பை, மேலே ஒரு துப்பட்டா. வருகை எடுக்கும்போது பக்கத்தில் இருப்பவள் குரல் கொடுத்துவிடுவாள். பாதிப் பேர் விடியும் முன்பே பூப் பறித்துவிட்டுத்தான் பஸ் பிடித்தோம். வேறு எங்கே தூங்குவது?

என் பக்கத்தில் உட்கார்ந்தவள் பாப்பாரப்பட்டிப் பக்கம். வீட்டில் சாமந்தித் தோட்டம். செமஸ்டர் தேர்வு நெருங்கிய மாதத்தில் அவள் தினமும் தூங்க ஆரம்பித்தாள். ஆள் பாதியாக இளைத்துப்போனாள். தன் தண்ணீரைக் குடித்துவிட்டு என் பாட்டிலையும் காலி செய்வாள். மணிக்கு ஒரு தரம் பாத்ரூமுக்கு ஓடுவாள்.

"பூவுக்கு வுடற தண்ணியெல்லாம் நீயே குடிச்சிடற போல" என்று கிண்டல் செய்தேன்.

"கை காலெல்லாம் ஓஞ்சி போவுதுடி. எக்ஸாம் முடிஞ்சா சரியாயிடும்."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்த மாதம் எங்களில் யார்தான் நன்றாக இருந்தோம்? அவள் ஒல்லியானதைப் பார்த்து நான் பொறாமைகூடப் பட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஒரு திங்கட்கிழமை வகுப்பு தொடங்கும் முன்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். மூச்சு பெரிது பெரிதாக வந்தது. அசந்து தூங்குகிறாள் என்று நினைத்து, பைகளை அடுக்கி என் துப்பட்டாவைப் போர்த்தினேன். மேடம் "முப்பத்தொன்று" என்று கூப்பிட்டபோது, குரலை மாற்றி "எஸ் மேடம்" என்றேன். அடுத்த வகுப்பிலும் அதையே செய்தேன். முன் பெஞ்சுக்காரி திரும்பி, "எழுப்பிப் பாருடி" என்றாள். "வுடுடி, பாவம், தூங்கட்டும்" என்று அவளை அதட்டினேன்.

இடைவேளை மணி அடித்ததும் உலுக்கினேன். எழவில்லை.

அரசு மருத்துவமனையில் சர்க்கரை நோய் என்றார்கள். அவள் அம்மா நம்பவில்லை. "பத்தொம்பது வயசுல சக்கரையாங்க? புள்ளைக்குத் தூக்கம் பத்தலைங்க, வேற ஒண்ணுமில்லீங்க" என்று டாக்டரிடம் மன்றாடினார். இரண்டு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், எங்களைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். மூன்றாம் நாள் அவள் போய்விட்டாள்.

காரியத்தன்று அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு பீரியடும் நம்பர் கூப்பிட்டப்ப பதில் சொன்னாளாமே, மேடம் சொன்னாங்க. அதுவரைக்கும் நல்லாத்தான கண்ணு இருந்தா?"

"ஆமாங்கம்மா" என்றேன்.

அந்தத் திங்கட்கிழமையிலிருந்து அவளுக்காக நான் சொன்ன மூன்றாவது பதில் அது.