படித்துப் பார்க்கும் மனிதர்

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு அருகே இருந்த ஜெராக்ஸ் கடைக்காரர், கணினியின் கறுப்புத் திரையில் வரும் ஒவ்வொரு வரியையும் விரலால் தொட்டு, உதடசைத்துப் படிப்பவர். அந்தக் கணினியில் இடமில்லை என்று அவர் கூப்பிட்டதால், பழைய மென்பொருள் ஒன்றை நீக்க நிபுணனாக நான் போயிருந்தேன். கட்டளையைத் தட்டியதும், கூடவே நீங்கப்போகிறவற்றின் பட்டியலைக் காட்டி, ‘தொடரலாமா?’ என்றது கணினி. அவர் விரல் இரண்டாவது வரியைத் தாண்டுமுன், ‘சரி’ என்பதற்கான ‘ஒய்’ எழுத்தைத் தட்டிவிட்டேன். பிரிண்டரை ஓட்டும் மென்பொருளும் சேர்ந்து போய்விட்டது. வாசலில், அன்றே கடைசி நாளான விண்ணப்பத்தை அச்செடுக்க எட்டுப் பேர் நின்றிருந்தார்கள்.

“இன்னா சார், அது கேட்டுக்கினு கீது, நீங்க பாட்டுக்கு சரின்னுட்டீங்க?”

“அதையெல்லாம் யாருங்க படிப்பாங்க?”

“அப்ப யாரைத்தான் கேக்குது அது?”

அவரே வரிவரியாகப் படித்து, நீங்கிப்போனதைத் திரும்ப ஏற்றினார். எட்டுப் பேரும் விண்ணப்பத்தோடு போனார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் என் செல்போன் ஏதோ நிபந்தனைகளை நீட்டியது. அவரை மிகுந்த மரியாதையோடு நினைத்துக்கொண்டே, படிக்காமல் ‘சம்மதம்’ அழுத்தினேன்.