மஞ்சள் தண்ணீரில் கழுவிய இலை

2004 ஆகஸ்டில், ஒரு வியாழக்கிழமை பிற்பகல் நாலேகால் மணிக்குச் செய்தி வந்தது. வேலைத்தலத்தில் பெட்டி அடுக்கிக்கொண்டு நின்ற கிருபானந்தன் அப்படியே சரிந்துவிட்டார் என்று யாரோ தொலைபேசியில் பிரெஞ்சில் சொன்னார்கள். அவர் மனைவி சிவநேசத்துக்கு அந்த மொழி பாதிதான் விளங்கும். அன்றைக்கு அது முழுதாகவே விளங்கியது.

கனடாவில், பார்க் எக்ஸ்டென்ஷனில் அவர்கள் வீட்டுக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில், ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஐந்து புழுக்கள் இருந்தன. கறுப்பும் மஞ்சளும் வெள்ளையுமாக வரி போட்ட மொனார்க் புழுக்கள். ரயில் பாதை வேலியோரம் பிள்ளைகளோடு போய்க் கிருபானந்தன் பிடித்து வந்தவை. வண்ணத்துப்பூச்சியானதும் பறக்கவிடுவதாக ஏற்பாடு. அவை தின்னும் செடியின் இலையைக் கிள்ளினால் பால் வடியும் என்பதால், அதற்குக் 'கனடா எருக்கலை' என்று பெயர் வைத்திருந்தார். சிவநேசம், தொட்டால் சொறியும் மயிர்க்கொட்டிப் புழுவுக்குப் பயந்தவள். அந்தப் பெட்டிக்குக் கிட்டவே போனதில்லை.

மறுநாள் காலை வீடு நிறைய ஆட்கள். ஏழு வயது ஆர்த்திகா பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்தாள்.

"இலை முடிஞ்சுது, அம்மா. இதுகளும் செத்துப்போகுமோ?"

"ஒண்டும் சாகாது. நான் பாக்கிறன்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கு உறைத்தது. இன்னொரு சாவு இந்த வீட்டுக்குள் வரக்கூடாது, புழுவாக இருந்தாலும். வந்திருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, பையைத் தூக்கிக்கொண்டு வேலியடிக்குப் போய் ஒரு கட்டு இலை ஒடித்து வந்தாள். சட்டியில் மஞ்சளும் உப்பும் கரைத்து ஊறப்போட்டாள். எந்தக் கீரை வந்தாலும் அவள் கை செய்கிற வேலை அது.

"அம்மா புழுவுக்குக் கறி காய்ச்சிறா!" என்று சிரித்த பத்து வயது வசீகரன், சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டான்.

பின்னேரம் வரை இலையில் ஒரு கடியும் இல்லை. புழுக்கள் பெட்டியின் மூலைக்கு ஏறி நின்றன. ஒன்று கீழே சுருண்டு கிடந்தது. சிவநேசம் பத்து நிமிடத்துக்கொரு தடவை வந்து எட்டிப் பார்த்தாள்.

துக்க வீட்டில் அடுப்பெரியாது என்று சோற்றுப் பார்சலோடு வந்த பக்கத்து வீட்டுச் சிசிலி, தொட்டியில் கிடந்த சட்டியைப் பார்த்தாள்.

"என்னடியப்பா, சமைக்காத வீட்டிலை என்னத்தை மஞ்சள் தண்ணியிலை கழுவினனி?"

"புழுவுக்குப் போடுற இலையை."

"அதுக்கேன் மஞ்சள்?"

"புழு பூச்சி இருந்தாச் சாகட்டும் எண்டு..."

சிவநேசம் மூலையில் ஏறி நின்ற புழுக்களைத் திரும்பிப் பார்த்தாள்.

செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் மறுபடி வேலியடிக்கு ஓடினாள். புது இலையை வெறும் தண்ணீரில் அலசித் துவாயால் ஒற்றினாள். பெட்டியைக் கழுவினாள். பிறகு மூச்சை அடக்கிக்கொண்டு, உயிரோடிருந்த நாலையும் ஒவ்வொன்றாக வெறும் விரலால் எடுத்து இலையில் விட்டாள். வழவழப்பாக, குளிர்ந்திருந்தன. சொறியவில்லை.

விடிந்ததும் ஆர்த்திகாதான் கத்தினாள். "அம்மா, பீ போட்டிருக்கு!"

இலை ஓரங்கள் வெட்டுப்பட்டிருந்தன. பெட்டியடியில் மிளகுத்தூள் போலச் சிதறியிருந்தது.

"ஒண்டை நான்தான் சாகவிட்டனான், பிள்ளை. தெரியாமச் செய்துபோட்டன்."

"மற்றதுகள்?"

இந்த முறை அவள் வாக்குக் கொடுக்கவில்லை. "பாப்பம்" என்றாள்.

மூன்று பறந்தன. ஒன்றின் கூடு கறுத்து, திறக்காமலே போனது.

பெட்டி இன்னும் இருக்கிறது. காற்றுக்காக அதன் மூடியில் துளையிடக் கிருபானந்தன் மார்க்கரால் பன்னிரண்டு புள்ளிகள் வைத்திருந்தார். துளைத்தது ஏழு.